பைய விடுங்க

பதினோராவது மீன் சனிக்கிழமை காலையில் மிதந்தது. பூதத்தான் அதைச் சின்ன வலையால் அள்ளிச் செய்தித்தாளில் பொதிந்து, நோயாளிகள் வருவதற்குள் பின்பக்கம் கொண்டுபோய்ச் செம்பருத்திச் செடியின் தூரில் புதைத்தார். அந்தச் செம்பருத்தியோ இரண்டு வாரமாகப் பூத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சலாக வந்தது.

பாளையங்கோட்டையில் ஃபர்ஹத் டாக்டர் நடத்தும் பல் ஆஸ்பத்திரியில் பூதத்தான் காவலாள். காவலாள் என்பது பேருக்குத்தான். கதவு திறப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது, ஊசியைப் பார்த்ததும் எழுந்து ஓடுகிறவர்களைச் சமாதானம் சொல்லி உட்கார வைப்பது எல்லாம் அவர் தலையில்தான். ஒரு மாதத்துக்கு முன்னால் அங்கே உதவியாளராக இருந்தவர் துபாய்க்கு விமானம் ஏறியதும், காத்திருக்கும் அறையில் இருந்த மீன் தொட்டியும் அதே தலையில் வந்து விடிந்தது.

வந்த நாளிலிருந்து புதிர்தான். தொட்டியில் ஏற்கெனவே நாலு தங்கமீன்கள் இருந்தன. துபாய்க்காரர் வாங்கி விட்டவை. அவை நாலும் போட்ட தீனியைத் தின்றுகொண்டு, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, கல்லுக்குண்டு மாதிரி இருக்கின்றன. பூதத்தான் வாங்கி வந்து விட்டவைதான் சாகின்றன. முதல் வியாழக்கிழமை மூன்று, அடுத்த வியாழக்கிழமை நாலு, அதற்கடுத்த வியாழக்கிழமை நாலு. விட்ட அன்றைக்கே ஒரு மூலையில் சாய்ந்து நிற்கும். மறுநாள் அடியில் படுத்துக்கொண்டு செவுளை அடிக்கும். சனிக்கிழமைக்குள் கதை முடிந்துவிடும். ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், ஒரே தீனி. பழசு பிழைக்கிறது, புதுசு சாகிறது. இது எந்த ஊர் நியாயம் என்று அவருக்கு விளங்கவில்லை.

சோம்பேறிப் பிழைப்புப் பிழைத்திருந்தாலாவது அவர்மேல் பழி போடலாம். டாக்டர் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்ததில் ஒரு எழுத்து பிசகியதில்லை. வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மட்டும் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பார். புதுத் தண்ணீரை வாளியில் ஒரு நாள் முழுக்க வைத்து, குளோரினை முறிக்கிற சொட்டு மருந்தும் விட்ட பிறகே ஊற்றுவார். அதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். தாமிரபரணித் தண்ணிக்கே மருந்தா? ஆற்றில் ஓடுகிற தண்ணீர் வேறு, மருந்து கலந்து குழாயில் வருகிற தண்ணீர் வேறு என்று டாக்டர் சொன்னதால் வாயை மூடிக்கொண்டார். தீனி இரண்டு சிட்டிகை. இரண்டு நிமிடத்தில் தின்று தீராததை வலையால் எடுத்துவிடுவார். வடிகட்டும் பஞ்சைக்கூடத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேதான் அலசுவார்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மீன்கடைக்காரர் கல்லுப்புப் போட்டுப் பார்க்கச் சொன்னார். டாக்டர் அளந்து போட்டும் பார்த்தார். சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டி, நிறத்தைப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. அதுதான் அவரையும் குழப்பியது. முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளின் பெயர் பதிகிற ஜனாபா, பல் குடைகிற எந்திரத்தின் சத்தத்தில் புது மீன்கள் மிரண்டே மவுத்தாகின்றன என்றாள். அப்படியென்றால் பழைய மீனுக்கெல்லாம் காது இல்லையா என்று பூதத்தான் கேட்டார். அதெல்லாம் பழகியிருக்கும் என்று அவள் சொல்லிவிட்டாள். கடைவாய்ப்பல் பிடுங்க வந்த பெரியவர் ஒருவர் மிதந்த மீனைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, வலி குறைந்திருக்கிறது என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியே போய்விட்டார்.

வண்ணார்பேட்டைக் கடைக்கு மீன் வந்து இறங்குவது வியாழக்கிழமைகளில்தான். பூதத்தான் மத்தியானம் சைக்கிளில் போவார். தண்ணீரும் காற்றும் அடைத்துக் கட்டிய பிளாஸ்டிக் பையில் மீன்களை வாங்கி, ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, உச்சி வெயிலில் மிதித்து வருவார். ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தால் ஏசி குளிர் முகத்தில் அடிக்கும். சத்தம் கேட்டு டாக்டர் சிகிச்சை அறையிலிருந்து முகக்கவசத்தோடு தலையை நீட்டி, ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகளைச் சொல்வார்.

"அண்ணா, பைய விடுங்க. அவசரப்படாதீங்க. இருபது நிமிஷம் ஆகட்டும்."

டாக்டர் சென்னையில் பிறந்து வளர்ந்தவர். மேலப்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு மனிதரைப் பூதம் என்று கூப்பிட நாக்கு வராமல் அண்ணா என்பார். பைய என்றால் மெதுவாக என்பது நெல்லைச் சீமையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சென்னைக்காரர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில் பூதத்தானுக்கு உள்ளூர ஒரு பெருமை. எட்டு மாதத்தில் நம்ம பேச்சைப் பிடித்துவிட்டாரே என்று ஜனாபாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அந்த வார்த்தையை அவர் சட்டமாகவே வைத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கட்டை அவிழ்ப்பார். பையைத் தொட்டி விளிம்பில் சாய்த்துப் பிடித்து, ஒரு மீனைக் கையில் ஏந்தி, நலுங்காமல் தண்ணீரில் இறக்குவார். ஐந்து நிமிடம் நிற்பார். பிறகு அடுத்தது. நாலு மீனுக்கு இருபது நிமிடம் சரியாக இருக்கும். தோள்பட்டை இற்றுப்போகும். கைப்பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி விடுகிறீர்களே அண்ணாச்சி என்று ஜனாபா மெச்சுவாள். அப்படி விட்ட மீன்கள்தான் பதினொன்றும் செத்தன.

மீன் செத்ததற்காக மட்டும் அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை. பயம் வேறு இடத்தில் இருந்தது.

இரண்டு வருடம் முன்பு வரை அவர் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். முப்பது வருடம் நாற்றங்கால் வேலை. தேயிலைக் குச்சியை வெட்டி, மண் நிரப்பிய சின்னப் பைகளில் ஊன்றி, வேர் பிடிக்கவைத்து, தளிர்க்கவைத்து, பையைக் கிழித்து நடக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் ஊன்றினால் நூற்றுக்கு எழுபது துளிர்க்கும். பூதத்தான் ஊன்றினால் தொண்ணூற்றைந்து. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளில் முருங்கைக் கொம்பு நட வேண்டுமா, கோழி அடைவைக்க வேண்டுமா, பூதத்தானைக் கூப்பிடு, கைராசிக்காரர் என்பார்கள். தோட்டத்தை மூடி, எல்லோரும் மூட்டை கட்டிக் கீழே இறங்கியபோது அவர் உருப்படியாகக் கொண்டுவந்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான்.

அவருடைய ஒரே மகள் தனலட்சுமிக்கு இப்போது நிறைமாதம். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மூன்று வருடம் முன்னால் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனவள். ஒரு வருடம் அப்பனும் மகளும் முகம் பார்க்கவில்லை. பிறகு பேச்சு வந்தது, போக்குவரத்தும் வந்தது, ஆனாலும் உள்ளே ஒரு முடிச்சு அவிழாமலே கிடந்தது. அதை அவிழ்க்கத்தான் அவள் வந்ததுமே கேட்டாள், பிள்ளைக்கு நீங்கள்தான் சேனை வைக்க வேண்டும் என்று. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பது சேனை. வைக்கிறவரின் குணமும் ராசியும் பிள்ளைக்கு வரும் என்பதால் ஆள் பார்த்துத்தான் கேட்பார்கள். அன்றைக்குப் பூதத்தான் சந்தோஷத்தில் இரண்டு தோசை கூடத் தின்றார்.

அது மீன் தொட்டி அவர் கைக்கு வருவதற்கு முன்பு. ஏழாவது மீன் செத்தபோது அவருக்குச் சந்தேகம் தட்டியது. பதினோராவதைப் புதைத்தபோது முடிவே செய்துவிட்டார். துபாய்க்காரர் கையால் விட்டது பிழைத்துக் கிடக்கிறது. தன் கை பட்டது சாகிறது. கைராசி மலையிலேயே நின்றுவிட்டது, கூடவே இறங்கி வந்தது வேறு ஏதோ. அந்தக் கையால் பச்சைப்பிள்ளை நாக்கைத் தொடுவதா?

அன்று சாயங்காலமே மகளிடம் சொன்னார். சேனையை அருமைநாயகம் மாமா வைக்கட்டும் தாயி, அவர்தான் பெரியவர் என்றார். அருமைநாயகம் அவர் மனைவி சுடலைவடிவின் அண்ணன். தனலட்சுமி காரணம் கேட்டாள். நிறைசூலியிடம், நான் தொட்டதெல்லாம் செத்துப்போகிறது என்று எந்த அப்பன் சொல்வான்?

"இன்னும் கோவம் போவலியாப்பா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

அவர் குனிந்து வேட்டியில் ஒட்டாத மண்ணைத் தட்டினார். அதைப் பார்த்ததும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். சுடலைவடிவு புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். இவருக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று உப்பும் மிளகாயும் எடுத்துத் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். கண்ணேறு இருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். நெடி வந்தது, வீடு முழுக்கத் தும்மியது. அப்படியானால் கண்ணேறும் இல்லை. பிறகு என்னதான் இது? பூதத்தான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்த வியாழக்கிழமை டாக்டர், கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம், இதுவும் போனால் தொட்டியையே எடுத்துவிடலாம் என்று சொல்லி ஐந்து மீன் வாங்கி வரச் சொன்னார். பூதத்தான் வெயிலோடு போய், வெயிலோடு வந்தார். டாக்டர் தலையை நீட்டினார், பைய விடுங்க என்றார், தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பூதத்தான் அசையவில்லை. பையைப் பிடித்தபடி, உள்ளே இருந்த நோயாளி வெளியே வருகிற வரைக்கும் தொட்டிப் பக்கத்திலேயே நின்றார். பின்னாலேயே டாக்டரும் வந்தார்.

"நீங்களே விடுங்கம்மா. என் கை இனிமே மீனத் தொடாது" என்றார்.

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. பையை வாங்கினார். கட்டை அவிழ்க்காமல், பையோடு அப்படியே தொட்டித் தண்ணீரில் போட்டார். பை ஒரு ஆட்டம் ஆடி மிதந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஜனாபாவிடம் மறுநாள் வரவேண்டியவர்களின் பட்டியலைக் கேட்கப் போய்விட்டார்.

பூதத்தானுக்குத் திக்கென்றது. பாவம், வேலை மும்முரத்தில் கட்டை அவிழ்க்க மறந்துவிட்டார். பையைக் கிழிக்காமல் நாற்றை நட்டவனை மலையில் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்புவார்கள். படித்த டாக்டரிடம் போய் அதை எப்படிச் சொல்வது? ஒருவேளை தெரிந்தேதான் செய்தாரோ? என் கை பட்ட பை என்பதால் திறக்கவே பயப்படுகிறாரோ? அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. பத்து நிமிடம் பொறுத்தார். பைக்குள் ஐந்து மீன்களும் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்க மாட்டாமல் மேசைப் பக்கம் போனார்.

"அம்மா, கட்ட அவுக்கலியே."

"இருபது நிமிஷம் ஆகட்டும்ணா."

"எங்கிட்ட மட்டும் பைய விடச் சொன்னியளே?"

"ஆமா. இப்பவும் பையதானே விட்டிருக்கேன்?"

"எங்கம்மா பைய விட்டிய? டொபுக்குன்னுல்லா போட்டிய. நாந்தான் பைய விட்டேன். ஒவ்வொண்ணா, அஞ்சஞ்சு நிமிசமா."

டாக்டர் விழித்தார். ஒரே ஒரு பையை எப்படி ஒவ்வொன்றாக விட முடியும்? பூதத்தானும் விழித்தார். இருவரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள், இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனாலும் எங்கேயோ இடிக்கிறது. ஜனாபா பேனாவை மேசைமேல் வைத்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லா. டாக்டரம்மா, எங்க ஊர்ல பையன்னா மெதுவா. நீங்க சொல்லும்போதெல்லாம் நானும் அப்படித்தான் நெனச்சேன்."

நீங்கள் எப்படி விட்டீர்கள், காட்டுங்கள் என்று டாக்டர் கேட்டார். பூதத்தான் வெறும் கையை ஏந்தி, நலுங்காமல் இறக்கிக் காட்டினார். டாக்டர் நோயாளிகள் உட்கார்கிற நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான புதிதில் பிரியாணிச் சட்டியைத் தூக்கி வந்தபோது மாமியார் "பைய எறக்கி வையி" என்றதும், சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே தோளில் கிடந்த பையை முதலில் இறக்கி வைத்தாராம். வீடே சிரித்ததாம். ஏன் சிரித்தார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது என்றார். சொல்லும்போதே அவர் முகம் வாடிவிட்டது.

பிறகு நிதானமாக விளக்கினார். வெயிலில் வந்த பைக்குள் தண்ணீர் சூடாக இருக்கும். ஏசி அறைத் தொட்டியில் தண்ணீர் குளிர்ந்திருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாற்றினால் மீனின் உடம்பு தாங்காது. பையைக் கட்டோடு மிதக்கவிட்டால் இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகும். அதற்குத்தான் இருபது நிமிடம். அப்புறம் அவிழ்த்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றிப் பழக்கி, மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். எல்லாவற்றையும் எழுதி ஒட்டியவள் இதை மட்டும் வாயால் சொன்னேனே என்று டாக்டர் தன்னையே நொந்துகொண்டார்.

"நாத்து மாதிரி" என்றார் பூதத்தான்.

நிழல் கொட்டகையிலிருந்து நாற்றை எடுத்து நேரே வெயிலில் வைத்தால் கருகிவிடும். மேலே வேய்ந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, நாள்கணக்கில் பழக்க வேண்டும். முப்பது வருடம் அதைச் செய்தவருக்கு மீனும் ஒரு நாற்றுத்தான் என்று தோன்றவே இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது போல இருந்தது. இறங்கிய கையோடு வெட்கமும் வந்தது. செம்பருத்தித் தூரில் பதினோரு உயிர் கிடக்கிறது, ஒரு சொல்லுக்கு.

இருபது நிமிடம் ஆனதும் டாக்டர் தொட்டியை விட்டு விலகி நின்று, இப்போது நீங்கள் செய்யுங்கள் அண்ணா என்றார். பூதத்தான் தயங்கினார். பிறகு கட்டை அவிழ்த்தார். தொட்டித் தண்ணீரைக் கோப்பையில் மொண்டு மொண்டு பைக்குள் விட்டார். ஐந்து மீன்களையும் வலையில் ஏந்தி இறக்கினார். இந்தத் தடவை அவை மூலைக்குப் போகவில்லை. ஆனாலும் மனசு முழுசாக நம்பவில்லை. காரணம் கிடைத்துவிட்டது, சரி. கை அதே கைதானே? மகளிடம் ஒன்றும் சொல்லாமல் வெள்ளிக்கிழமையைக் கடத்தினார்.

அன்று சாயங்காலம் தனலட்சுமிக்கு வலி கண்டது. சுடலைவடிவும் மருமகனும் அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று தகவல் வந்தது. பூதத்தான் சைக்கிளை எடுத்தார். பெரியாஸ்பத்திரி ஒரு பக்கம், பல் ஆஸ்பத்திரி இன்னொரு பக்கம். அவர் பல் ஆஸ்பத்திரிக்கு மிதித்தார்.

கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். முதலில் மேலே பார்த்தார், எதுவும் மிதக்கவில்லை. அடியில் பார்த்தார், நாலு மூலையிலும் பார்த்தார். பிறகு எண்ணினார். நிலையாக நின்றால்தானே எண்ண முடியும்? மூன்று தடவை எண்ணி ஒன்பது என்று உறுதி செய்தார். புதுசு எது பழசு எது என்று அவருக்கே தெரியவில்லை. தீனியை இரண்டு சிட்டிகை போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினார்.

பெரியாஸ்பத்திரியில் அருமைநாயகம் வெள்ளைச் சட்டையும் பையில் சீனிப் பொட்டலமுமாகத் தயாராக நின்றார். தனலட்சுமி அப்பாவைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் வந்து, சீனியும் கூடாது தேனும் கூடாது, தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு எதுவும் பிள்ளை வாயில் படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிப் போனார். சீனி இல்லாமல் என்ன சேனை என்று அருமைநாயகம் முணுமுணுத்தார். பூதத்தான் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவி வந்தார்.

"தாய்ப்பாலே போதும். நான் வைக்கேன்" என்றார்.

தனலட்சுமி திரும்பினாள். "நீங்கதான மாமா வைக்கட்டும்னிய?"

"சொன்னேன் தாயி. ஒம் மேல கோவமில்ல. எங்கையில ஏதோ கெட்டது இருக்குன்னு நெனச்சுட்டேன். அது அப்படியில்லன்னு இப்பத்தான் பாத்துட்டு வாரேன்."

அவளுக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கோபமில்லை என்றது விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் தலையாட்டினாள். சுடலைவடிவு சேலையால் மறைத்துக்கொண்டு, சுத்தமான கரண்டியில் இரண்டு சொட்டுத் தாய்ப்பால் வாங்கிக் கொடுத்தாள்.

பூதத்தான் உடனே தொடவில்லை. தன் கையை எடுத்துக் குழந்தையின் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு பாதத்தில் மெல்லப் பட வைத்தார். அப்படியே இருந்தார். அருமைநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தனலட்சுமிக்குப் பழைய பயம் திரும்பி வந்தது.

"என்னப்பா, இன்னும் யோசிக்கியளா?"

"யோசிக்கல தாயி. கை சில்லுன்னு இருக்கு. பழகட்டும்."

கை சூடானதும் சுண்டுவிரலைப் பாலில் தொட்டார்.

"பைய வைங்க, பைய" என்றாள் சுடலைவடிவு.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் நிறைந்து குழந்தை முகம் மங்கியது. எதற்கு இந்த மனுசன் இப்படிச் சிரிக்கிறார் என்று எல்லோரும் திகைத்துப் பார்த்தார்கள். தனலட்சுமி மட்டும் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விரலை நாக்கில் வைத்தார். குழந்தை சப்புக்கொட்டி விரல் நுனியைப் பற்றிக்கொண்டது. எடுக்க அவருக்கும் அவசரம் இல்லை.